நடுத்துண்டு யாருக்கு?

கேள்வி: மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. மீன் குழம்பு வைத்தால் அப்பத்தா பேரனுக்கு நடுத்துண்டும் பேத்திக்கு வால்துண்டும் வைக்கிறார். ஏன் என்று கேட்டால், "அவன் ஆம்பளப் புள்ள." மகனோ எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: மகன் கொடுக்காதது வயசுக் குணம். மூன்று, நான்கு வயதில் "சமமா பிரிக்கணும்" என்று வாய் சொல்லும், கை கொடுக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதில்தான் இரண்டும் ஒத்துவரும். அவனைத் திட்ட வேண்டாம். முதலில் தட்டைச் சரிசெய்யுங்கள்.

கரண்டியை மகளிடம் கொடுங்கள். அவள் பங்கு வைக்கட்டும், தம்பி முதலில் எடுக்கட்டும். எந்தப் பங்கு தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் பார்த்துத்தான் வைப்பாள். எண்ணிப் பிரிக்கிற பண்டமென்றால் தம்பி வைக்க, அக்கா முதலில் எடுக்கலாம். அதற்கு நுங்கு தோது. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று சுளை, பிள்ளைகள் இருவர். மூன்றாவது யாருக்கென்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பாதியாக்கலாம், அப்பத்தாவுக்குக் கொடுக்கலாம், முறை வைக்கலாம். முறை வைத்தால் காலண்டரில் பெயரைக் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் "நேத்தும் அவன்தான்" என்று மறுநாள் பஞ்சாயத்து கூடும்.

எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. சின்னவனுக்கு முள் எடுத்துக் கொடுப்பது நியாயம்தான். "உனக்கும் நாலு வயசுல எடுத்துக் கொடுத்தோம்" என்று அக்காவிடம் சொல்ல முடிகிறதா, அது செல்லும் காரணம். ஆம்பளப் புள்ள என்பது அப்படிச் செல்லாது. உங்கள் மீனவ ஊரில் படகுப் பங்கு பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்: மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவு போக, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று முன்பே பேசி வைத்த கணக்கு.

அப்பத்தாவைப் பிள்ளைகள் எதிரே மறுத்துப் பேசினால் காரியம் கெடும். தனியாகச் சொல்லுங்கள்; கரண்டி கைமாறினாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டு வேலையும் இதில் சேர்த்திதான். அக்காவை மட்டும் குடத்தோடு அனுப்பிவிட்டுச் சமத்துவம் பேசினால் எடுபடாது. நான்கு வயதுக்குத் தம்ளர் எடுத்து வைப்பதும் சின்னத் துணி மடிப்பதும் போதும். உங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பா என்றால் வீட்டில்தான் இருப்பார். சாப்பிட்ட தட்டை அவர் கழுவி வைக்கட்டும், மகன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான்.