ஹைலைட் கேள்வி பதில்: முதலில் தலையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்

கோவையில் 17 வருடமாகக் கலர் வேலை மட்டும் பார்க்கிறேன். வெட்டுவது, ஃபேஷியல் எல்லாம் கூட இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேள்விக்கு முன் ஒரு வேண்டுகோள்: இதுவரை தலையில் என்னென்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பைத் தொடும் முடி என்றால் நுனிக்கு வயது ஐந்து, ஆறு. தங்கை கல்யாணத்துக்குப் போட்ட டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சேலம், 27 வயது: ஹைலைட், ஓம்ப்ரே, பலேயாஜ் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் அக்கா? நான் மாநிறம். முடி நல்ல கறுப்பு, இதுவரை எதுவும் போட்டதில்லை. ஒரே நிறமாக இல்லாமல் இரண்டு மூன்று நிறம் கலந்து வேண்டும்.

எதுவும் போடாத முடி! உங்களுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஹைலைட் என்பது மெல்லிய இழைகளை வேரிலிருந்து பிரித்து ஃபாயிலில் மடித்து நிறம் ஏற்றுவது. கோடு தெளிவாக இருக்கும், வளர்ந்தால் வேரும் தெளிவாகத் தெரியும். ஓம்ப்ரே மேலே கறுப்பு, கீழே போகப் போக வெளுப்பு. பலேயாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பெருக்குவது என்று பொருள். விளக்குமாறு இழுப்பதுபோல பிரஷ்ஷால் கை போன போக்கில் தீட்டுவது. வேரைத் தொடாமல் ஆரம்பிப்பதால், வேரைச் சரிசெய்யவென்று ஆறு மாதம் பார்லர் பக்கம் வராமல் ஓட்டலாம். முதல் தடவை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நிறத்துக்கு வருவோம். முடியின் ஆழத்தை 1 முதல் 10 வரை எண்ணுவோம். 1 கன்னங்கறுப்பு, 10 வைக்கோல் வெளுப்பு. நம் ஊர் முடி பெரும்பாலும் 1 முதல் 3. இதை வெளுக்க ஆரம்பித்தால் முதலில் செம்பழுப்பு, பிறகு சிவப்பு, பிறகு ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வரும். நடுவில் எந்தப் படியையும் தாண்ட முடியாது. நீங்கள் காட்டும் படத்தில் உள்ள காரமல் நிறம் ஏறக்குறைய 7. அந்த இடத்தில் உங்கள் முடி அப்பட்டமான ஆரஞ்சாக நிற்கும். அதன்மேல் நீலம் கலந்த டோனர் என்ற மெல்லிய சாயம் போட்டு ஆரஞ்சை அடக்கினால்தான் காரமல். மஞ்சள் வரை போனால் ஊதா டோனர்.

பல நிறம் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் வெளுக்கக் கூடாது. பாதிக்கு மேல் உங்கள் கறுப்பையே விட்டுவிடுங்கள். இரண்டு படி மேலே ஒரு செஸ்நட் பழுப்பு, நான்கு படி மேலே முகத்தை ஒட்டி மட்டும் கொஞ்சம் தேன் நிறம். அந்தக் கறுப்பு நடுவில் இருப்பதால்தான் தேன் நிறம் எடுத்துத் தெரியும். மாநிறத்துக்குச் செம்பு, காரமல், தேன் எல்லாம் உட்காரும். சாம்பல் நிறம் வேண்டும் என்று கேட்டால் செய்து தருவேன். ஆனால் முகம் வாடின மாதிரி தெரிகிறது என்று நீங்களே திரும்ப வருவீர்கள்.

டப்பாவில் 6.4 என்று எழுதியிருக்கும். புள்ளிக்கு முன் இருப்பது ஆழம், பின்னால் இருப்பது சாயல். ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி டப்பாவை வாங்காதீர்கள். புள்ளிக்குப் பின் வரும் 4, லோரியாலில் என்றால் செம்பு, வெல்லாவில் என்றால் சிவப்பு.

திருச்சி: ப்ளீச் இல்லாமல் ஹைலைட் செய்ய முடியுமா?

எதுவும் போடாத முடி என்றால், 12 சதவீத பெராக்சைடு டெவலப்பரோடு போடும் ஹை லிஃப்ட் கலர்கள் மூன்று படி வரை ஏற்றும். செம்பழுப்போடு திருப்தி என்றால் போதும். தேன் நிறம் வராது. ஏற்கெனவே டை போட்ட முடியில் இதுகூட நடக்காது. போட்ட கலரை இன்னொரு கலர் எடுக்காது.

தஞ்சாவூர், 31 வயது: நான்கு வருடமாக மாதம் ஒருமுறை மருதாணி போடுகிறேன். பலேயாஜ் செய்யலாமா மேடம்?

எந்த மருதாணி? இலை பறித்து அரைத்ததா, பாக்கெட்டா? பாக்கெட் என்றால் என்ன நிறம் வந்தது? மருதாணி இலை கறுப்பு தராது. கறுப்பு வந்தது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் பி.பி.டி. என்ற டை ரசாயனம். சில பொடிகளில் உலோக உப்பும் கலப்பார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் வெறும் மருதாணிதான் என்றார். நம்பி ஃபாயில் போட்டேன். பத்து நிமிடத்தில் பொட்டலம் தொட முடியாத சூடு, உள்ளே ஒரு கெட்ட வாடை. ஓடிப்போய் அலசினேன். நான்கு இழை கையோடு வந்துவிட்டது. அவர் அழுதார், நானும் அழுதேன். விசாரித்தால் பத்து ரூபாய்க் கருப்பு மெஹந்தி.

அதனால் இப்போது சோதனை இல்லாமல் கை வைப்பதில்லை. பின்கழுத்துப் பக்கம் உள்ளிருந்து கொஞ்சம் முடி வெட்டி, பெராக்சைடில் சில சொட்டு அமோனியா விட்டு அரை மணி நேரம் ஊறவைப்போம். சூடேறினால், நுரைத்தால், சட்டென்று நிறம் மாறினால் வேலை கிடையாது. இதை பார்லரில் செய்யச் சொல்லுங்கள், வீட்டில் வேண்டாம்.

காரைக்குடி: பாக்கெட்காரன் செய்கிற தப்புக்கு மருதாணியை ஏன் திட்டுகிறீர்கள்? எங்கள் வீட்டு மரத்து இலையை இருபது வருடமாக அரைத்துப் போடுகிறேன். பார்லர் வியாபாரத்துக்காகப் பயமுறுத்துகிறீர்கள்.

மருதாணியைத் திட்டவில்லை, பாக்கெட்டைத்தான். உங்கள் முடி என் கைக்கு வந்தால் தைரியமாக ப்ளீச் போடுவேன், சூடேறாது. ஆனால் வெளுப்பது ஆரஞ்சோடு முரண்டு பிடித்து நிற்கும். இருபது வருடப் படிவு ஆயிற்றே.

நாகர்கோவில், வேதியியல் ஆசிரியை: இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அதனால்தான் ஷாம்புவில் போவதில்லை. அப்படியிருக்க ப்ளீச் எப்படி எடுக்கும்?

வாங்க டீச்சர். நீங்கள் சொல்வது சரி. ப்ளீச் முடியின் கறுப்பை எடுக்கும் அளவுக்கு லாசோனை எடுப்பதில்லை. அடியில் உள்ள கறுப்பு போய், மருதாணியின் ஆரஞ்சு பாதி நிற்கும். முடி வெளுக்கும்போது வருவதும் ஆரஞ்சு, மருதாணியும் ஆரஞ்சு. இரண்டும் சேர்ந்தால் டோனர் எவ்வளவு நீலம் போட்டாலும் பத்து நாளில் செம்பு எட்டிப் பார்க்கும். செம்பு நிறமே வேண்டும் என்பவர்களுக்கு இது வரம்.

காரைக்குடி: அப்படியென்றால் சுத்த மருதாணி மேல் ஹைலைட் வரும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

ஒப்புக்கொள்கிறேன். செம்பும் தேனும் வரும். பீஜும் சாம்பலும் வராது. இதைவிட நியாயமாக என்னால் பேச முடியாது.

கும்பகோணம்: நான் மருதாணி போட்டு அடுத்த நாள் அவுரி போடுகிறேன். இரண்டுமே இலைதான், ரசாயனம் இல்லை. எனக்கும் செம்பு வருமா?

வராது. பச்சை வரும். அவுரியின் நீலம் ப்ளீச்சில் முழுதாகப் போகாமல் நிற்கும். அடியில் முடி மஞ்சளாகும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன என்று எல்.கே.ஜி. பிள்ளையைக் கேளுங்கள். இதைச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்கச் செலவழித்தவள் நான். அவுரியை நிறுத்தி, வளர்ந்து வரும் புது முடியில் மட்டும் செய்யலாம்.

காரைக்குடி: அவுரி போட்டால் எங்கள் கட்சியில் இடமில்லை.

இதில் நாம் கூட்டணி.

விருதுநகர்: அக்கா, மருதாணி போட்ட முடியில் ஹைலைட் வருமா?

மேலே ஒரு மாநாடே நடந்திருக்கிறது. படித்துவிட்டு வாங்க.

ஈரோடு, 48 வயது: பாதிக்கு மேல் நரை. இருபது நாளுக்கு ஒருமுறை கருப்பு டை அடித்து அலுத்துவிட்டது. வகிட்டில் வெள்ளைக் கோடு அசிங்கமாக இருக்கிறது. ஹைலைட் என்பதெல்லாம் சின்னப் பெண்களுக்குத்தானே?

இல்லைங்க, உங்களுக்குத்தான். இருபது வயதுக்காரிக்கு அது அலங்காரம். உங்களுக்கு மாதாமாதம் டை அடிப்பதிலிருந்து விடுதலை.

வெள்ளைக் கோடு தெரிவதற்குக் காரணம் நரை இல்லை, பக்கத்தில் இருக்கும் கன்னங்கறுப்பு. கறுப்பைக் குறைத்தால் கோடு தானாக மங்கும். மிக மெல்லிய இழைகளாக எடுத்து 6, 7 என்று இரண்டு ஆழத்தில் ஏற்றி, நடுவில் பழுப்பு இழைகளை விட்டுவிடுவோம். வேரில் வெளியே வரும் நரைக்கு ப்ளீச்சே வேண்டாம். அது ஏற்கெனவே வெளுத்தது, சில வாரத்தில் மங்கும் மெல்லிய டெமி கலர் போதும். வாரினால் நரை எது, ஹைலைட் எது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஆனால் வருடக்கணக்கில் அடித்த கருப்பு டையை ஒரே நாளில் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மூன்று நான்கு தடவையாக, இரண்டு மாத இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை.

கருப்பு டை அடிக்கும்போது காதோரம் அரிக்கிறதா? இதுவரை அரிக்கவில்லை என்றாலும், 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிப் பாருங்கள். திருவிழாவில் கையில் கருப்பு மெஹந்தி வைத்துக் கொப்புளம் வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹைலைட் தலைத்தோலைத் தொடாவிட்டாலும் டோனர் தொடும், அதிலும் டை ரசாயனத்தின் சொந்தபந்தங்கள் உண்டு. 48 மணி நேரம்.

சென்னை, வேளச்சேரி: காரமல் பலேயாஜ் செய்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆரஞ்சாகிவிட்டது. பர்ப்பிள் ஷாம்பு போட்டும் பயனில்லை. பார்லர் ஏமாற்றிவிட்டதா?

வீட்டில் போர் தண்ணீரா? அப்படித்தான் இருக்கும். நான் முதலில் சென்னையில்தான் வேலை பார்த்தேன். அங்கே போட்ட அதே டோனர் இங்கே சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் கூடுதலாக இரண்டு மூன்று வாரம் நிற்கிறது. கடினத் தண்ணீரின் கால்சியமும் இரும்பும் வெளுத்த முடியில் படிந்துவிடும்.

ஊதா மஞ்சளைத்தான் அடக்கும். ஆரஞ்சுக்கு நீல ஷாம்பு, வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை, உலோகப் படிவைப் பிடித்து இழுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள கிளாரிஃபையிங் ஷாம்புவால் படிவை எடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு சொம்பு போதும், முழுக் குளியலுக்குக் கேன் வாங்க வேண்டாம். கீசர் சூட்டைக் குறையுங்கள். அப்புறம், டோனர் நான்கு முதல் ஆறு வாரத்துக்கான பொருள். அது போவது ஏமாற்று இல்லை, போகும் என்று முன்பே சொல்லாததுதான் தப்பு.

மதுரை: எண்ணெய் வைக்கவே கூடாது என்கிறார்கள். அம்மா விடமாட்டேன் என்கிறார்.

அம்மா பக்கம் நான். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிப்பதற்கு முன்னும் பின்னும் தடவினாலும் முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். நிறத்தைக் கெடுப்பது எண்ணெய் இல்லை, அதைப் போக்க மூன்று தடவை போடும் ஷாம்பு. குளிக்கும் முன் ஒரு மணி நேரம், நுனியில் மட்டும், கை ஈரமாகும் அளவு. ஒரே ஷாம்புவில் போய்விடும். சீயக்காய், அரப்பு மட்டும் வேண்டாம். தேய்க்கும்போதே டோனரைச் சுரண்டிவிடும்.

பொள்ளாச்சி: பத்து நாளில் கல்யாணம். ஹைலைட் செய்ய ஆசை.

கண்ணு, முழு ஹைலைட்டுக்குப் பத்து நாள் போதாது. ஒரு மாதத்துக்கு முன் வந்திருக்க வேண்டும். இப்போதைக்கு முகத்தை ஒட்டி நான்கு இழை, ஜடைக்குள் ஆறு இழை, இரண்டு படி மட்டும் ஏற்றலாம். பின்னல் போட்டால் அந்த இழைகள் கயிறு முறுக்கின மாதிரி அழகாகத் தெரியும். நலங்குக்கு எண்ணெய் வைத்து அரப்பு தேய்ப்பார்கள் அல்லவா? அத்தைமார்களிடம் உச்சியில் ஒரு சொட்டு போதும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

சிங்கப்பூர்: நீச்சல் குளத்தில் பச்சை ஏறிவிட்டது. குளோரின்தானே காரணம்?

இல்லை, தண்ணீரில் உள்ள செம்பு. இறங்கும் முன் நல்ல தண்ணீரில் நனைத்து, கண்டிஷனர் தடவி, தொப்பி போடுங்கள். ஏறியதற்கு வேளச்சேரிக்குச் சொன்ன அதே ஷாம்பு.

கரூர்: கர்ப்பமாக இருக்கிறேன், செய்யலாமா?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ஓசூர்: முடி கொட்டுகிறது, என்ன கலர் நல்லது?

தோல் மருத்துவர். கலர் அப்புறம்.

திண்டுக்கல்: ஸ்ட்ரெய்ட்டனிங் செய்து ஒரு மாதம். ப்ளீச் போடலாமா?

இப்போது வேண்டாம். முடி நூடுல்ஸ் ஆகிவிடும்.

வேலூர்: எவ்வளவு செலவாகும்?

நீளத்தையும் ஃபாயில் எண்ணிக்கையையும் பொறுத்தது. டோனர் தனிக் கணக்கா என்று முதலிலேயே கேளுங்கள்.

கடலூர்: ப்ளீச் இல்லாமல் முடியுமா?

திருச்சி.

தூத்துக்குடி: ப்ளீச் இல்லாமல் இயற்கை முறையில்?

எலுமிச்சை என்று சொல்லப்போகிறீர்கள். வேண்டாம். திருச்சி.

திருப்பூர், 29 வயது: அக்கா, நாளைக் காலை பதினோரு மணிக்கு பலேயாஜ் அப்பாயின்ட்மென்ட். முடியில் எதுவும் போட்டதில்லை என்று பார்லரில் சொல்லிவிட்டேன். உண்மையில் இரண்டு வருடம் முன்னால் கருப்பு மெஹந்தி பாக்கெட் நான்கைந்து தடவை போட்டிருக்கிறேன். இப்போது நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வேண்டுமா?

இன்று ராத்திரியே போன் செய்யுங்கள். தோளுக்குக் கீழே இருப்பதெல்லாம் அந்தக் காலத்து முடிதான், பலேயாஜும் அங்கேதான் விழும். பாக்கெட் அட்டை இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நாளைக்கு முடிச் சோதனைக்கும் காதுக்குப் பின்னால் பொட்டு வைக்கவும் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் என்றால் டீ வாங்கிக் கொடுப்பேன்.