எத்தனை மூட்டை அரிசி போதும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. விலை ஏறுகிறது, சில நாள் கடைத்தட்டு காலியாகக் கிடக்கிறது, வீட்டில் எவ்வளவு வாங்கி வைக்கலாம்? சிங்கப்பூரில் 26 ஆண்டுகள் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். வாங்கிப் போன பொருள் பிறகு என்ன ஆனது என்று வாடிக்கையாளர்கள் வந்து சொல்லச் சொல்லக் கேட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்துதான் இந்தப் பதில்கள்.

செங்காங் வாசகி: தட்டுப்பாடு வரப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் கணவர் 10 கிலோ பொன்னி அரிசி ஆறு பை வாங்கி வந்துவிட்டார். நாங்கள் நான்கு பேர். வார நாட்களில் பகல் சாப்பாடு எல்லாருக்கும் வெளியில்தான். ஆறு பை அதிகமா?

அதிகம்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி என்றால் நான்கு பேருக்கு 300 கிராம். வார நாட்கள் ஐந்தில் இரவுச் சோறு மட்டும்: ஒன்றரை கிலோ. சனி, ஞாயிறு இரண்டு வேளை: 1.2 கிலோ. ஆக வாரத்துக்கு 2.7 கிலோ. உங்கள் வீட்டில் இருக்கும் 60 கிலோ 22 வாரத்துக்கு வரும். ஐந்து மாதம்! நம் ஊர்ப் புழுக்கத்தில் பிரித்த அரிசியை ஐந்து மாதம் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.

லாபக் கணக்கையும் பாருங்கள். ஒரு பை 25 வெள்ளி, விலை 10 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு பைக்கும் சேர்த்து நீங்கள் மிச்சப்படுத்தியது 15 வெள்ளி. கடைசிப் பையில் வண்டு விழுந்தால் போவது 25 வெள்ளி.

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. கொரோனா நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்த அன்று மாலை என் கடையில் நிற்க இடமில்லை. ஒரு அம்மா எட்டுப் பை அரிசி கேட்டார், கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஜூன் மாதம் அவர் ஒரு கண்ணாடிப் புட்டியோடு வந்தார். அதில் அரை புட்டி அரிசி, அரிசிக்கு மேல் கறுப்பாக வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. "இன்னும் நாலு பை இப்படித்தான் இருக்கு, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அன்று மாலை அவருக்குப் பின்னால் நின்றவர்களில் நான்கு பேருக்காவது நான் அரிசி இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

இங்கே அரிசி கட்டுப்பாட்டுப் பொருள் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் இவற்றை இறக்குமதி செய்கிறவர்கள் மாதந்தோறும் கொண்டுவரும் அளவைப்போல் இரண்டு மடங்கை எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருவதால்தான் இந்த ஏற்பாடு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது பொன்னிக்கு ஓடினோமே, நினைவிருக்கும். அடுத்த மாதக் கடைசியிலேயே சிங்கப்பூருக்குத் தனி அனுமதி கிடைத்தது. தடை நீங்கியது 2024 செப்டம்பரில். விலை கூடியது உண்மை. ஆனால் அரிசியே இல்லாமல் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

இரண்டு வாரத்துக்கான பொருள் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் வேண்டாம். உங்களிடம் உள்ள ஆறில் ஐந்து பையை உறவினர்களுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுங்கள். மீதிப் பையின் மேல் வாங்கிய தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஈசூன் வாசகர்: அரிசியில் காய்ந்த மிளகாய், வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அப்படியும் வண்டு வருகிறது. எங்கிருந்துதான் வருகிறது?

பெரும்பாலும் அரிசியோடு சேர்ந்தேதான் வருகிறது. பெண் வண்டு அரிசிமணியில் துளைபோட்டு உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். கடையில் வாங்கும்போது நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இங்குள்ள சூட்டுக்கு ஒரு மாதம், ஐந்து வாரத்தில் வண்டு வெளியே வந்துவிடும். மிளகாயும் வேப்பிலையும் புதிதாக வருகிற பூச்சியைக் கொஞ்சம் விரட்டலாம். மணிக்குள் இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது.

குளிர்தான் மருந்து. 5 கிலோ பைகளாக வாங்குங்கள். வந்ததும் பையைப் பிரிக்காமல் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உடனே பிரிக்காதீர்கள். பையின் வெளிப்பக்கம் நீர்த்துளி கோத்து நிற்கும். அது முழுக்கக் காய்ந்து, பை அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். முன்னாலேயே பிரித்தால் அந்த ஈரம் அரிசியில் இறங்கிப் பூசணம் பிடிக்கும். பிறகு இறுக்கமாக மூடும் டப்பாவுக்கு மாற்றுங்கள். துவரம்பருப்பு, ரவை, பயறு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

ஆட்டா மாவு மட்டும் தனி ரகம். கோதுமையின் முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால் இரண்டு, மூன்று மாதத்தில் கசப்பு ஏறத் தொடங்கும். அதற்குக் குளிர்பெட்டிதான் இடம். கைக்குத்தல் அரிசிக்கும் இதே சங்கடம் உண்டு. வெள்ளை அரிசியைப்போல் வருடக்கணக்கில் அது தாங்காது.

பிடோக் வாசகி: எண்ணெய் விலை ஏறுவதற்குள் 5 லிட்டர் டின்னாக நான்கு வாங்கிவிடலாமா?

வேண்டாம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது இதே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டேன். மே 23 அன்று தடை நீங்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு டின் டின்னாக வாங்கியவர்கள் மழைக்காலம் வரை அதை வைத்துத் தீர்த்தார்கள்.

எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் காற்றும் ஆகாது. திறந்த டின் அடுப்புப் பக்கத்தில் இரண்டு, மூன்று மாதம் நின்றால் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள், பழைய மெழுகு வண்ணக்குச்சியின் வாசனை அடித்தால் கொட்டிவிடலாம். 2 லிட்டர் புட்டி ஒன்று பயன்பாட்டில், ஒன்று கதவு மூடிய அலமாரியில். அது போதும். நல்லெண்ணெய் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: வெங்காயம்?

வெங்காயத்தைச் சேர்த்து வைக்க முயலாதீர்கள். இந்தியா 2019இலும், பிறகு 2023 டிசம்பர் முதல் 2024 மே வரையிலும் ஏற்றுமதியை நிறுத்தியது. இனியும் நிறுத்தக்கூடும். அப்போதெல்லாம் சீன வெங்காயமும் ஹாலந்து மஞ்சள் வெங்காயமும் கடையில் இருந்தன. சாம்பாருக்கு ருசி குறையும், ஒத்துக்கொள்கிறேன். விலை குறைவான நாளில் இரண்டு கிலோ நறுக்கிப் பொன்னிறமாக வதக்கி, சின்னச் சின்னப் பொட்டலமாக உறையவைத்துக்கொள்ளுங்கள். பச்சை வெங்காயத்தைக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்துப் போட்டால் இரண்டுமே சீக்கிரம் கெடும்.

பொங்கோல் வாசகி: வீட்டுக்குள் இருக்கும் தற்காப்பு அறையில்தான் (போர்க்காலத்தில் ஒதுங்கக் கட்டிய அறை) எல்லாச் சாமானும் வைக்கிறோம். ஆனால் எல்லாம் நமுத்துப் போகிறது. மீதியை வெளியே நடைபாதையில் அடுக்கலாமா?

நடைபாதை வேண்டாம். தீ விபத்து என்றால் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது. குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அதுவும் அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் எல்லாம் பற்றிக்கொள்கிற பொருள்.

தற்காப்பு அறையின் கனத்த கதவை மூடிவிட்டால் காற்று நகராது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் எதையும் தரையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று வாங்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அட்டைப்பெட்டியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிக் கரப்பானுக்கு வீடாகிவிடும். தினமும் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள். அரிசி, பருப்பு, டின் உணவு, சோப்பு இங்கே இருக்கலாம். மசாலாத்தூளும் அப்பளமும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

குளோரின் சேர்ந்த வெளுப்புத் திரவத்தை மொத்தமாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதத்தில் அதன் வீரியம் குறையத் தொடங்கும், சூட்டில் இன்னும் சீக்கிரம். ஒரு புட்டிக்கு மேல் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வாரம் ஒருமுறை ஜோகூர் போய் மொத்தமாக வாங்கி வருகிறோம். வரி கட்ட வேண்டுமா?

48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான சாமானுக்குப் பொருள், சேவை வரி (ஜிஎஸ்டி) இல்லை. 48 மணி நேரமும் அதற்கு மேலும் தங்கி வந்தால் 500 வெள்ளி வரை. மிஞ்சிய தொகைக்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும். வேலை அனுமதிச்சீட்டு, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. நம்மவர்கள் பலர் இது தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இறைச்சி, முட்டைக்குத் தனி விதிகள் உண்டு. சிங்கப்பூர் உணவு அமைப்பின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 1இல் இந்த வரி 8இலிருந்து 9 விழுக்காடாக ஏறுவதற்கு முன்னால் கடைகளில் கூட்டம் நெரிந்தது. 300 வெள்ளிச் சாமானுக்கு அந்த வித்தியாசம் 3 வெள்ளி. அந்த 3 வெள்ளிக்காகத் தேவையில்லாத 50 வெள்ளிச் சாமானை வண்டியில் போட்டவர்களைப் பார்த்தேன்.

தோ பாயோ வாசகி: கைக்குழந்தையும் நீரிழிவுள்ள மாமனாரும் இருக்கும் வீடு எங்களுடையது. எதை முதலில் வாங்கி வைக்க வேண்டும்?

உங்கள் கேள்விதான் இந்த மாதம் வந்ததிலேயே முக்கியமானது. அரிசி இல்லாவிட்டால் மீ (நூடுல்ஸ்) சாப்பிடலாம், ரொட்டி சாப்பிடலாம். மாமனாரின் மாத்திரைக்கு மாற்று இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி எழுதித்தரச் சொல்லுங்கள். மாத்திரைகளைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறார் என்றால், திறக்காததைக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். உறையவே கூடாது, உறைந்துவிட்டால் பயன்படுத்தவும் கூடாது. திறந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், பெரும்பாலானவற்றுக்கு நான்கு வாரம்தான்.

குழந்தையின் பால்மாவு டின்னைத் திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கையிருப்பில் இரண்டு டின் போதும், மாதங்கள் ஓடினால் குழந்தைக்கு அடுத்த எண் மாவு தேவைப்படும். அணையாடையும் அப்படித்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று என் மகள் சின்ன அளவில் ஆறு பொட்டலம் வாங்கினாள். இரண்டைப் பிரிப்பதற்குள் பேரன் அடுத்த அளவுக்குப் போய்விட்டான்.

லிட்டில் இந்தியா அருகே அறை எடுத்திருக்கும் வாசகர்: ஆறு பேர் ஓர் அறை. எனக்கு ஒரு பெட்டி அளவு இடம்தான் உண்டு. எதை வாங்கி வைக்கலாம்?

அவல் ஒரு கிலோ, வறுத்த கடலை, பேரீச்சம்பழம், மத்தி டின் நான்கு, மூடிய டப்பாவில் ஊறுகாய். எதற்கும் அடுப்பு வேண்டாம். அவலைத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும், ஒரு நேரப் பசி அடங்கும். தேக்கா சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, மற்றதை அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் மலிவும்கூட.

சுருக்கமாகச் சில: கழிவறைத் தாள் ஒரு கட்டு போதும், நம் வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர்தானே. எரிவாயு உருளை பயன்படுத்துகிறவர்கள் அடுப்பில் இருப்பதையும் சேர்த்து இரண்டு உருளை, மொத்தம் 30 கிலோ என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. குடும்பங்களுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் ஒரு பாதி பேரங்காடிக்கு, மறுபாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். பேரங்காடிப் பாதியை அரிசி, எண்ணெய், சோப்புக்கு வைத்துக்கொண்டால் மாதக் கையிருப்பு கைக்காசு இல்லாமலேயே சேர்ந்துவிடும்.

ஆங் மோ கியோ வாசகி: என் அம்மாவுக்கு 88 வயது. விலைவாசிச் செய்தி கேட்டால் போதும், அரிசி வாங்கு, அரிசி வாங்கு என்று தூங்கவிடாமல் சொல்கிறார். ஏற்கெனவே இருப்பதே வீணாகிறது. எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானியர் காலத்தில் அவர் சின்னக் குழந்தை. அரிசி பங்கீட்டில் கிடைத்த, மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த நாட்கள் அவை. என் பாட்டி கடைசிவரை மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. தினமும் படுக்கப் போகும்முன் அரிசி டின்னின் மூடியைத் திறந்து ஒரு கை அளைந்து பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.

அம்மாவுக்கென்று 5 கிலோ கொள்ளும் டின் ஒன்றை, அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அது எப்போதும் நிறைந்திருக்கட்டும். வீட்டுச் சமையலுக்கு அதிலிருந்தே எடுங்கள். பாதி குறைந்ததும் மிச்சத்தை ஒரு பாத்திரத்தில் கொட்டி, டின்னைத் துடைத்துக் காயவைத்து, புதிய அரிசியை அடியில் போட்டுப் பழையதை மேலே போடுங்கள். இதை அம்மா பார்க்கும்போதே செய்யுங்கள். முடிந்தால் அவர் கையாலேயே கொட்டச் சொல்லுங்கள்.