பிராகிலிருந்து, செக் நாட்டின் தெற்கே உள்ள பழைய ஊரான செஸ்கி க்ரும்லோவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

திரும்பலாம், பஸ்ஸில் ஒரு வழிக்குச் சுமார் மூன்று மணி நேரம்தான். ஆனால் நான் ஒரு இரவாவது தங்கச் சொல்வேன். பகலில் சுற்றுலா பஸ்களில் வரும் கூட்டம் சாயங்காலம் கிளம்பிவிடும். அதன் பிறகு அந்தக் கல் பதித்த சந்துகளில் நடப்பதே தனி சுகம்.

வல்டாவா ஆறு பழைய ஊரைக் கிட்டத்தட்ட முழுதாகச் சுற்றி வளைந்து ஓடுகிறது. மேலே பாறையில் கோட்டை. ரோசன்பெர்க் என்ற பிரபுக் குடும்பம் முந்நூறு ஆண்டுகள் ஆண்ட இடம்; அகழியில் இன்றும் கரடி வளர்க்கிறார்கள் (பாவம், அவற்றுக்கு அது போதுமா என்பது வேறு பேச்சு). 1992-இல் இந்தப் பழைய ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தவறவிடக் கூடாதது கோட்டைக்குள் இருக்கும் பரோக் (அந்தக் கால ஐரோப்பாவின் ஆடம்பரக் கலைபாணி) நாடக அரங்கு. 1760-களின் மர இயந்திரங்கள், தீட்டிய திரைகள், உடைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஐரோப்பாவில் இப்படி முழுதாகப் பிழைத்தவை மிகச் சில. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி, முன்பதிவு நல்லது.

மறுநாள் வெளியே போங்கள். கோடையென்றால் ஆற்றின் மேல்பக்கம் உள்ள விஷ்ஷி ப்ரோட் ஊரிலிருந்து படகு எடுத்து ஆற்றோடு இறங்கி வரலாம். நடக்கப் பிடித்தால் 1,084 மீட்டர் உயர க்ளெத் மலை. வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து ஆல்ப்ஸ் தெரியும். நேரம் மிஞ்சினால் 1263-இல் நிறுவப்பட்ட ஸ்லாடா கொருனா மடாலயம், பக்கத்தில்தான்.