ஸ்டென்ட் வைத்த பிறகும் அழற்சியைப் பற்றி ஏன் பேசுகிறோம்? – கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, மூன்று மாதங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு நீங்கிய பிறகும் ஏன் இத்தனை மாத்திரைகள்?

பதில்: ஸ்டென்ட் என்னும் கம்பிவலை சரிசெய்வது ஓர் இடத்தைத்தான், நோயோ இதய ரத்தக்குழாய்கள் முழுவதிலும் பரவியிருக்கிறது. கொழுப்புப் படிவுக்குள் வெள்ளணுக்கள் புகுந்து அதன் மேல்மூடியை அரித்து மெலியச் செய்யும்போது அது வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து, மாரடைப்பு வருகிறது. அந்த அரிப்புக்குக் காரணம் அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் தற்காப்பு எதிர்வினை. பலூனை விரித்துக் கம்பிவலையைப் பதிக்கும்போதும் குழாயின் உட்சுவர் காயப்படுவதால், அதை ஆற்றுவதற்காக உடல் அங்கேயும் அழற்சியைத் தொடங்குகிறது. மருந்து பூசாத பழைய ஸ்டென்ட்களில் தழும்புத் திசு அளவுக்கு மீறி வளர்ந்து, பலருக்குக் குழாய் மீண்டும் சுருங்கியது. சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற மருந்து பூசியவை அந்த வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆனால் அதனாலேயே கம்பியை உட்படலம் மூடுவதும் தாமதமாகிறது. மூடாத கம்பியில் ரத்தம் உறையக்கூடும் என்பதால்தான், மாரடைப்புக்குப் பின் ஆஸ்பிரினுடன் க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் வழக்கமாக 12 மாதங்கள் தரப்படுகிறது. பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கேள்வி: அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பதற்குச் சான்று உண்டா, ஐயா?

பதில்: உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் தலைமையில் நடந்து 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு கண்டு, ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியின் அளவைக் காட்டும் புரதம்) லிட்டருக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேர் பங்கேற்றனர். அழற்சியைத் தணிக்கும் கனகினுமாப் ஊசியை 150 மி.கி. அளவில் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அவர்களுடைய கெட்ட கொழுப்போ குறையவில்லை. ஆயினும் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடியதால் அந்த ஊசி இதய நோய்க்கு நடைமுறைக்கு வரவில்லை.

கேள்வி: என் மாமனார் யூரிக் அமில மூட்டுவலிக்குச் சாப்பிடும் கோல்சிசின் இதயத்துக்கும் நல்லது என்கிறார்களே?

பதில்: 2019-இல் வெளியான கோல்காட் ஆய்வில், அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேரிடையே, இதயப் பாதிப்புகள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7.1 சதவீதமாகவும், தினமும் 0.5 மி.கி. கோல்சிசின் எடுத்தவர்களில் 5.5 சதவீதமாகவும் இருந்தன. 2023-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதலும் அளித்தது. ஆனால் 2024-இல் வந்த, 7,062 பேரைக் கொண்ட கிளியர் ஆய்வில் பயன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுப்பவர்களுக்கும் இது நஞ்சாகலாம். நம் செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்சிசின்தான். அதன் கிழங்கை உண்டு இறந்தவர்கள் உண்டு என்பதால், கைவைத்தியமாக எவரும் அதைத் தொடவே கூடாது.

கேள்வி: எனக்கு வயது 58. ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன். சி.ஆர்.பி. 4 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சளி, ஈறு வீக்கம், உடற்பருமன் ஆகியவையும் அதைக் கூட்டும். வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன், கல்லீரலைத் தூண்டுவதால் சி.ஆர்.பி.யை உயர்த்தும். எனவே உடம்புக்கு ஒன்றுமில்லாத நாளில், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எனக்கு வருத்தம் தருவது வேறொன்று: 2020-இல் வெளியான இன்னொரு பெரிய கோல்சிசின் ஆய்வில் பெண்கள் ஏறத்தாழ 15 சதவீதமே இருந்தார்கள், அதன் முடிவை உங்களுக்கு அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை. இதய நோய் உள்ள பெண்ணுக்கு அந்த ஹார்மோன் மாத்திரை தொடரலாமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த முறை போகும்போது அதன் அட்டையையும் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.