தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவில் இருப்பவர் 90 நாள் முகவரி அறிக்கையைத் தபாலில் அனுப்பலாமா?

மூட்டுவலியோடு 90 நாளுக்கு ஒரு முறை பாங்காக்கின் குடிவரவு அலுவலகம் இருக்கும் செங் வத்தனா வரை போய்வர முடியவில்லை, தபாலில் அனுப்பினால் செல்லுமா, வழியில் தொலைந்துபோனால் அபராதம் கட்ட வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தபாலில் அனுப்புவது சட்டப்படி செல்லும். பணி ஓய்வுக்குப் பிறகு பாங்காக்கில் குடியேறியவன் நான். பெரும்பாலும் தபாலில்தான் அனுப்பி வருகிறேன். தபால் தொலைவதும் உண்டு. ஆனால் நாள் கணக்கைச் சரியாகப் போட்டு அனுப்பினால், தொலைந்தாலும் அபராதம் இல்லாமல் சரிசெய்துகொள்ளக் கால அவகாசம் இருக்கும். அந்தக் கணக்கில்தான் பலரும் குழம்புகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த அறிக்கை எதற்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் தாய்லாந்துக் குடிவரவுச் சட்டம், 37ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில், தற்காலிக அனுமதியில் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் தாம் தங்கியிருக்கும் இடத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், அதன் பிறகு 90 நாளுக்கு ஒரு முறை அதையே செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அவ்வளவுதான். இது விசா நீட்டிப்பு அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை 8,00,000 பாட் வங்கி இருப்பையோ மாதம் 65,000 பாட் வருமானத்தையோ காட்டி, 1,900 பாட் கட்டணம் செலுத்தி வாங்குகிறோமே, அந்த நீட்டிப்பு வேறு, இது வேறு. முகவரி அறிக்கைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. நம் ஊரில் ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் கொடுக்கும் வாழ்நாள் சான்றிதழைப் போன்றதுதான்: நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருவது. கணினியில் எல்லா விவரமும் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று எனக்கும் தோன்றுவதுண்டு. ஆனால் அந்த விவாதத்தை யாரிடமும் நடத்திப் பயனில்லை. தாமதமாகத் தாமே போய்ச் சொன்னால் 2,000 பாட் அபராதம். வேறு வகையில் பிடிபட்டால் 5,000 பாட் வரைக்கும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 பாட் வரைக்கும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இனி நாள் கணக்கு. நேரில் போகிறவர், கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். தபாலுக்கு அந்த விதி பொருந்தாது. கெடு நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பாகவே உறை அஞ்சலில் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, நேரில் செல்பவருக்குக் கதவு திறக்கும் அதே நாளில் தபாலில் அனுப்புபவருக்குக் கதவு மூடிவிடுகிறது. இதை அறியாமல், கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது உறையை ஒட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் கெடு நவம்பர் 30 என்று வைத்துக்கொண்டால், நவம்பர் 15க்குள் உறை போயாக வேண்டும். நானாக இருந்தால் நவம்பர் முதல் வாரம் முடிவதற்குள் அனுப்பிவிடுவேன். ஏப்ரல் 13 முதல் 15 வரை வரும் சொங்க்ரான் என்ற தாய்ப் புத்தாண்டு விடுமுறையையும் ஆண்டு இறுதி விடுமுறையையும் ஒட்டிக் கெடு விழுந்தால் இன்னும் சில நாள் முன்னதாகவே அனுப்புவது நல்லது.

உறைக்குள் வைக்க வேண்டியவை அதிகமில்லை. டிஎம் 47 என்ற படிவம், நிரப்பிக் கையெழுத்திட்டது. கடவுச்சீட்டின் நகல்கள்: புகைப்படம் உள்ள பக்கம், நடப்பு விசா, கடைசியாக நாட்டுக்குள் நுழைந்தபோது குத்திய முத்திரை, கடைசி நீட்டிப்பு முத்திரை. இதற்கு முந்தைய அறிக்கைக்குக் கிடைத்த ரசீது. உங்கள் முகவரி எழுதி 10 பாட் தபால்தலை ஒட்டிய பதில் உறை. கடவுச்சீட்டையே உள்ளே வைத்து அனுப்பியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். எக்காரணம் கொண்டும் அப்படிச் செய்யாதீர்கள். நகல் ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இந்த நாட்டு அலுவலகங்களில் கையெழுத்தில்லாத நகலுக்கு மதிப்பில்லை. பழைய ரசீதை உள்ளே வைப்பதற்கு முன் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் தடுமாற வைக்கும் இடங்கள் இரண்டு. வந்து சேர்ந்த தேதி என்ற கட்டத்தில், முதன்முதலில் தாய்லாந்துக்கு வந்த தேதியை அல்ல, கடைசியாக உள்ளே நுழைந்த முத்திரையில் உள்ள தேதியைத்தான் எழுத வேண்டும். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போய்விட்டுச் சென்ற மாதம் திரும்பியிருந்தால், அந்தத் திரும்பிய நாள்தான் கணக்கு. அடுத்தது வருகை அட்டையின் எண். விமானத்தில் வருவோருக்குப் பழைய டிஎம் 6 காகித அட்டை 2022ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 2025 மே 1 முதல் வருவோர் அனைவரும் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புகிறார்கள். காகித அட்டை இல்லாதவர்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பதில் உறையில் முகவரியைத் தாய் எழுத்தில் எழுதுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். தபால்காரருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் தாய் எழுத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அதை நகலெடுத்து ஒட்டிவிடலாம். அறை எண்ணை மறக்கக் கூடாது. அறை எண் இல்லாத உறை கீழ்த்தளத்துத் தபால் அலமாரியில் யாரும் எடுக்காமல் கிடப்பதை எங்கள் கட்டடத்தில் அவ்வப்போது பார்க்கிறேன். பாங்காக்வாசிகள் அனுப்ப வேண்டிய இடம் செங் வத்தனா சாலை, 7ஆம் சந்து, அரசு வளாகத்தில் உள்ள இமிக்ரேஷன் அலுவலகத்தின் 90 நாள் அறிக்கைப் பிரிவு, லக் சி, பாங்காக் 10210. சியாங் மாய், பட்டாயா, புக்கெட் போன்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் பகுதி அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே தபாலில் ஏற்றுக்கொள்கிறார்களா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

அஞ்சலகத்தில் சாதாரணத் தபாலாகப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவுத் தபாலாகத்தான் அனுப்ப வேண்டும். 2025இல் இந்தியாவில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். இங்கே அது தனிச் சேவையாகவே இருக்கிறது. கூடுதலாகச் சில பாட் கொடுத்தால் ஒப்புகை அட்டையும் இணைத்துக்கொள்ளலாம். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு அது வீட்டுக்குத் திரும்பி வரும். முகப்பில் இருப்பவர் உறையின் மீது பட்டைக் குறியீட்டை ஒட்டிவிட்டு நம்மிடம் தரும் ரசீதில் 13 எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து உறை எங்கே இருக்கிறது என்று தாய்லாந்து அஞ்சல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ரசீது வெப்பத்தாளில் அச்சிடப்படுவது. பாங்காக் வெயிலில் பையில் கிடந்தால் சில வாரங்களில் எழுத்து மங்கிவிடும். ஆகவே அங்கேயே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் ஆண்டு 2568, 2569 என்று புத்த ஆண்டாக இருந்தால் 543ஐக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதனால் கெடு நாள் கடந்தும் உறை வராமல் இருப்பது இயல்புதான். இங்கேதான் முன்கூட்டி அனுப்பியதன் பயன் தெரிகிறது. கெடு நாள் வரை பொறுத்திருங்கள். அதற்குள் பதில் வரவில்லையென்றால், நேரில் செல்வோருக்கு உரிய அந்த 7 நாள் அவகாசம் உங்களுக்கும் உண்டு. அதற்குள் கடவுச்சீட்டு, புதிதாக நிரப்பிய டிஎம் 47 படிவம், அஞ்சலக ரசீது, அனுப்பியவற்றின் நகல் ஆகியவற்றோடு அலுவலகத்துக்குப் போய்விடலாம். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெனாங்குத் தமிழர் ஒருவருக்குப் பதில் உறை வரவே இல்லை. கெடு முடிந்த மூன்றாம் நாள் அவர் ரசீதுடன் போனார். உறை வந்து சேர்ந்த விவரத்தைக் கணினியில் பார்த்துவிட்டு, அடுத்த தேதியிட்ட சீட்டை அச்சிட்டுக் கடவுச்சீட்டில் பின்னடித்துக் கொடுத்தார்கள். அபராதப் பேச்சே எழவில்லை. அதே மனிதர் இன்னும் இரண்டு வாரம் காத்திருந்து போயிருந்தால், ரசீதைக் காட்டி வாதாட வேண்டிய நிலைக்கு வந்திருப்பார். வந்து சேரும் சீட்டில் அடுத்த கெடு நாள் அச்சாகியிருக்கும். அந்தத் தேதியை அப்படியே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாக 90 நாள் எண்ண வேண்டாம்.

தபால் பொருந்தாத சந்தர்ப்பங்களும் உண்டு. முதல் அறிக்கையை நேரில்தான் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால், பழைய முத்திரைகளைப் புதியதற்கு மாற்ற எப்படியும் நேரில் போக வேண்டும் என்பதால் அறிக்கையையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது. வீடு மாறியிருந்தால், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் டிஎம் 30 கடமை வீட்டு உரிமையாளருக்கு உண்டு. அவர் அதைச் செய்துவிட்டாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகு அறிக்கையை அனுப்புங்கள். கெடுவுக்குள் வெளிநாடு போவதாக இருந்தால் அறிக்கையே தேவையில்லை, ஏனென்றால் திரும்பி வரும் நாளிலிருந்து கணக்கு மறுபடியும் ஒன்றில் தொடங்கும். ஆனால் புறப்படுவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்க மறந்தால் ஓராண்டு நீட்டிப்பே போய்விடும்; அந்த அனுமதிக்குக் கட்டணம் ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட்.

இணையத்திலும் இந்த அறிக்கையைத் தாக்கல் செய்யலாம். 2015 முதலே அந்த வசதி இருக்கிறது. அது வேலை செய்யும்போது தபாலைவிட எளிது என்பதை மறுக்க மாட்டேன். பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்து செய்து கொடுத்தால் அதை முதலில் முயன்று பாருங்கள். நிராகரிக்கப்பட்டாலோ விடையே வராவிட்டாலோ நேரில் போக நாள் மிச்சமிருக்கும்.

உங்களால் எதுவுமே முடியாத ஒரு தவணையில், இன்னொருவரிடம் கடவுச்சீட்டையும் நிரப்பிய படிவத்தையும் கொடுத்தனுப்பலாம். இந்த அறிக்கைக்கு உரியவரே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. கணவன், மனைவி இருவரும் இங்கே இருந்தால் ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு பதில் உறை வேண்டும். கெடு நாட்கள் பெரும்பாலும் வேறு வேறாகவே இருக்கும் என்பதால் நாங்கள் தனித்தனிப் பதிவுத் தபாலாகத்தான் அனுப்புகிறோம்.