வங்காளத்து அரிசிச் சமையல்: கேள்வி பதில்

வணக்கம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறேன். புகுந்த வீடு பர்தமான் பகுதி, நெல் விளையும் ஊர். இன்று அரிசி மட்டும்தான். மீனும் சந்தேஷ் இனிப்பும் இன்னொரு நாள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயேஷ் (பால் பாயசம் மாதிரி), கிச்சுரி (அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு), மஞ்சள் புலாவ் மூன்றுக்கும் கோபிந்தபோக் அரிசி வேண்டும். குட்டையான, மணமுள்ள பச்சரிசி அது. 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரில் கிடைக்காவிட்டால் சீரகச் சம்பா போடுங்கள், அருகில் வரும். பாஸ்மதி வேண்டாம். சரி, கேளுங்கள்.

சுமதி, மதுரை: அக்கா, பாயேஷ் என்பது நம் பால் பாயசம்தானே? வெல்லம் போட்டால் எனக்கு ஒவ்வொரு தடவையும் பால் திரிந்துபோகிறது.

பக்கத்து வீட்டுப் பண்டம்தான், ஆனால் பக்குவம் வேறு. ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பாலுக்குக் கால் கப் அரிசி போதும். பார்க்கக் கொஞ்சமாக இருக்கும், பயந்து கூட்டிவிடாதீர்கள், ஆறியதும் கெட்டிப்படும். அரிசியைக் கழுவி, வடித்து, துணியில் பரப்பிக் காயவைத்து ஒரு தேக்கரண்டி நெய்யில் பிசறிக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் பாலோடு ஒரு பிரிஞ்சி இலையைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு சுண்டும்வரை கிளறுங்கள். பிறகு அரிசி. விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதுவரை இனிப்பை டப்பாவிலேயே விடுங்கள். இனிப்பு விழுந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது.

இப்போது உங்கள் சிக்கல். குளிர்காலத்தில் இங்கே நோலேன் குட் வரும். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சிய வெல்லம். எந்த வெல்லத்திலும் கொஞ்சம் புளிப்பு இருக்கும். கொதிக்கிற பாலில் போட்டால் பால் திரியத்தான் செய்யும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, ஐந்து பத்து நிமிடம் சூடு தணிந்த பிறகு வெல்லத்தைத் தூளாக்கியோ கரைத்தோ சேருங்கள். அப்புறம் மறுபடி கொதிக்க விடக் கூடாது. நோலேன் குட் போட்டால் ஏலக்காய் வேண்டாம், அந்தப் புகைமணத்தை அது மூடிவிடும். பனை வெல்லத்திலும் நன்றாகவே வரும்.

இங்கே பிறந்தநாள் என்றால் கேக் இருக்கிறதோ இல்லையோ, அம்மா கையால் பாயேஷ் இருக்கும். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் அன்னபிராசனத்திலும் இதுதான். தாய்மாமன் ஊட்டுவார்.

கார்த்திக், பெங்களூரு: வீட்டில் பாஸ்மதிதான் இருக்கிறது. பாயேஷுக்குப் போடலாமா?

வேண்டாம் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். நீள அரிசி பாலில் குழையாமல் தனித்தனியாக நிற்கும். சீரகச் சம்பா வாங்குங்கள்.

உமா, கோவை: சரஸ்வதி பூஜைப் பந்தலில் சாப்பிட்ட கிச்சுரி நாக்கிலேயே நிற்கிறது. வீட்டில் செய்தால் வெண்பொங்கலில் மஞ்சள் போட்ட மாதிரி வருகிறது.

நீங்கள் பாசிப்பருப்பைச் சரியாக வறுக்கவில்லை. எண்ணெயில்லாத வாணலியில், சிறு தீயில், வாசனை தெரு வரைக்கும் போகிற அளவு வறுங்கள். பொன்னிறம் வந்தால் போதும், சிவக்கக் கூடாது. வறுத்த பிறகுதான் கழுவ வேண்டும்.

ஒரு கப் கோபிந்தபோக், ஒரு கப் பருப்பு, ஆறு கப் வெந்நீர். உருளை, காலிஃபிளவர் இரண்டையும் பெரிய துண்டுகளாக நறுக்கி, கடுகெண்ணெயில் தனியாகப் பொரித்து எடுத்துவையுங்கள். அதே எண்ணெயில் பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய், சீரகம், பிறகு துருவிய இஞ்சி நிறைய. மஞ்சள், பருப்பு, அரிசி, கொஞ்சம் பிரட்டல், வெந்நீர். முக்கால் வேக்காட்டில் பொரித்த காய்களும் பச்சைப் பட்டாணியும் போகும். உப்போடு ஒரு சிட்டிகை சர்க்கரை. கடைசியில் நெய், வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும்.

சாமிக்குப் படைப்பதில் வெங்காயம், பூண்டு கிடையாது. மழைநாளில் செய்யும் மசூர் பருப்புக் கிச்சுரியில் இரண்டும் உண்டு. பக்கத்தில் பொரித்த இலிஷ் மீன், வாய்க்காவிட்டால் ஆம்லெட். அன்றைக்கு இந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சாப்பிடுவார்கள். குக்கரில் நான்கு விசில் விட்டுவிட்டு என்னிடம் புகார் சொல்லாதீர்கள்.

ஒரு வாசகர், நியூஜெர்சி: இங்கே கடுகெண்ணெய்ப் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறதே, சாப்பிடலாமா?

அதில் உள்ள எரூசிக் என்ற கொழுப்பமிலம் காரணமாக அமெரிக்காவில் அப்படித்தான் விற்க வேண்டும் என்று விதி. இங்கே தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறோம். நீங்கள் சாப்பிடலாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. சமைப்பதானால் புகை வரும்வரை காயவைத்து, தீயைக் குறைத்த பிறகு தாளியுங்கள்.

நவீத், ஆம்பூர்: மேடம், கோபிக்காதீர்கள். பிரியாணிக்குள் உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு அதையும் பிரியாணி என்கிறார்களே, நியாயமா?

வந்துவிட்டதா! எப்படியும் வரும் என்று தெரியும். தம்பி, ஆம்பூர்க்காரர்கள் இலையில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் வைப்பீர்கள், நாங்கள் உள்ளே உருளை வைக்கக் கூடாதா?

அந்த உருளையைத் தின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். தோலுரித்து, பாதியாக வெட்டி, நிறமேற்றி, மேல்பக்கம் பொன்னிறமாகப் பொரித்து, கறியோடு தம்மில் வைப்பார்கள். கறியின் கொழுப்பு, குங்குமப்பூ, தாழம்பூ நீர் எல்லாம் அதற்குள் இறங்கும். கொல்கத்தா பிரியாணியில் காரம் குறைவு. புதினா, தக்காளி பொதுவாகக் கிடையாது. மசாலா அடங்கிப்போன அந்தச் சோற்றில் கறிச்சாறு குடித்த உருளைதான் ராஜா. கடையில் உருளை வரவில்லையென்றால் சண்டை நடக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

ராஜகோபால், சென்னை: அது வறுமையால் வந்தது. லக்னோ நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து கொல்கத்தா வந்தார். கறி வாங்கக் காசில்லாமல் சமையல்காரர்கள் உருளையைப் போட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் கணக்கு உதைக்கிறது. 1856-இல் கம்பெனிக்காரர்கள் அவர் ஆண்ட அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதே ஆண்டு அவர் கொல்கத்தாவுக்கு வந்து மட்டியாபுருஜ் பகுதியில் குடியேறினார். அதுவரை சரி. பிறகு அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 12 லட்சம்! அதை வைத்து அரண்மனைகள் கட்டினார், சொந்தமாக விலங்குக்காட்சிசாலை வைத்தார், இசைக்கும் நடனத்துக்கும் அள்ளி இறைத்தார். புலிக்குக் கறி போட்ட மனிதருக்குப் பிரியாணிக்குக் கறி வாங்க முடியவில்லையா?

உருளை வங்காளத்தில் அப்போது பரவிக்கொண்டிருந்த புதுக் காய். புதுமைக்காகப் போட்டார்கள் என்பது அவருடைய வழித்தோன்றல்களே சொல்லும் கட்சி. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

மலர்விழி, ஈரோடு: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வங்காளத்து அரிசியில் எதைச் சாப்பிடலாம்?

டாக்டரைக் கேளுங்கள் அம்மா. அரிசி மணக்கிறது என்பதற்காகச் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

ராஜகோபால், சென்னை: புதுமைக்காக என்பதற்கு மட்டும் என்ன ஆதாரம்? அதுவும் கதைதானே?

நியாயமான கேள்வி. 'இன்ன நாளில் இன்னார் உருளை போட்டார்' என்று அக்காலத்தில் எழுதிய சீட்டை இரண்டு கட்சியிலும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. நான் சொல்வது, காசில்லை என்ற காரணம் நிற்காது என்பது மட்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். டாக்காவின் கச்சி பிரியாணியிலும் உருளை உண்டு. வாஜித் அலி ஷா டாக்காவில் குடியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பிலும் வங்காளிகள் பெரிய பெரிய உருளையாகப் போடுவார்கள், கசகசா அரைத்தும் உருளையைச் சமைப்பார்கள். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து உருளை அதிகம் விளைவதும் இங்கேதான். எப்படி வந்திருந்தாலும், ருசி பிடித்ததால்தான் அது நிலைத்தது.

தீபா, திண்டுக்கல்: பாஸ்மதி வேண்டாம் என்றீர்களே, கொல்கத்தா பிரியாணி பாஸ்மதியில்தானே செய்கிறார்கள்? மாட்டிக்கொண்டீர்களா!

மேலே போய் மறுபடி படியுங்கள். பாயேஷ், கிச்சுரி, மஞ்சள் புலாவ் என்று மூன்றைத்தான் சொன்னேன். பிரியாணிக்கு நீள அரிசிதான்.

செல்வம், தஞ்சாவூர்: பாந்தா பாத் என்று மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் செய்தாரே. அது நம் பழைய சோறு. இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா?

2021-இல் கிஷ்வர் சௌத்ரி இறுதிச்சுற்றில் செய்தார், மூன்றாமிடம் பெற்றார். ஆர்ப்பாட்டம் செய்தால் என்ன? தஞ்சாவூர்ப் பழையதையும் யாராவது அந்த மேடையில் வைக்கட்டும், நானும் கைதட்டுகிறேன்.

சோறு ஒன்றுதான், தொட்டுக்கொள்வது வேறு. இங்கே மோர் சேர்ப்பதில்லை. தயிர் வேண்டுமென்றால் ஒடிஷாவின் பழைய சோறான பகாளாவுக்குப் போங்கள். பாந்தாவுக்குப் பச்சைக் கடுகெண்ணெய், நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட காய்ந்த மிளகாய், மசித்த உருளை (நவீத் தம்பி, கவனிக்க), பருப்பு வடை, பொரித்த மீன். பங்களாதேஷில் வங்காளப் புத்தாண்டன்று இலிஷ் வைத்துச் சாப்பிடுவது நகரத்து வழக்கமாகிவிட்டது. ஏப்ரலில் இலிஷுக்குப் பருவமே இல்லை, அது மழைக்கால மீன். விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

மேற்கு வங்கத்தில் புரட்டாசிக்கு முந்தைய சங்கராந்தியில் 'அரந்தன்' என்று ஒரு நாள் உண்டு. முதல் நாளே எல்லாம் சமைத்துவிட்டு, மறுநாள் அடுப்பை மூட்டாமல் பாம்புத் தெய்வமான மனசா தேவிக்குப் பூஜை செய்து பாந்தாவும் ஆறிய பதார்த்தங்களும் சாப்பிடுவார்கள். 1905 அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினை நடப்புக்கு வந்தபோது, எதிர்ப்பைக் காட்ட வீடுகளில் அடுப்பு மூட்டாமல் அரந்தன் கடைப்பிடித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. வடித்த சோற்றை அரைநாள் வெளியில் போட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது பாந்தா இல்லை. சோற்றில் வெந்தும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. ஆறியவுடன் நல்ல தண்ணீரில் மூழ்க வையுங்கள். வாடை சரியில்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: கல்யாண வீட்டில் ஒரு மஞ்சள் இனிப்புப் புலாவ் கொடுத்தார்கள். அளவு சொல்லுங்களேன்.

பாசந்தி புலாவ். ஒரு கப் அரிசியைக் கழுவிக் காயவைத்து மஞ்சள், இஞ்சி விழுது, நெய் போட்டுப் பிசறி அரை மணி நேரம் விடுங்கள். நெய்யில் முந்திரி, திராட்சையை வறுத்தெடுத்து, பட்டை, கிராம்பு, ஏலம், பிரிஞ்சி இலை தாளித்து, அரிசியைப் போட்டு உடையாமல் பிரட்டுங்கள். ஒன்றே முக்கால் கப் வெந்நீர், உப்பு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. மூடி, சிறு தீ. அணைத்த பிறகு பத்து நிமிடம் திறக்கவே கூடாது. காரமான ஆட்டுக்கறி வறுவலோடு சாப்பிடுங்கள், தனியாகச் சாப்பிட்டால் திகட்டும்.

பிரகாஷ், ஓசூர்: அதை பாஸ்மதியில்...

இல்லை.

நவீத், ஆம்பூர்: டாக்கா பாயிண்ட் செல்லாது மேடம். கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்குப் போயிருக்கலாம் அல்லவா?

போயிருக்கலாம்! நல்ல வக்கீல் ஆவீர்கள். ஆனால் டாக்காவில் முகலாயர் காலத்திலிருந்தே தனிச் சமையல் மரபு இருக்கிறது. அங்கே தெஹாரி என்று கடுகெண்ணெயில் செய்யும் சோறு உண்டு, சினிகுரா என்ற குட்டை அரிசியில். உங்கள் சீரகச் சம்பாக் கட்சிக்கு அங்கே ஆள் கிடைப்பார்கள், போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

ராஜகோபால், சென்னை: நவாபின் சமையலறைக் கணக்கு எங்காவது இருக்கும். தேட வேண்டும்.

தேடுங்கள் சார், கிடைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். பிரியாணி விவாதம் இத்தோடு மூடப்பட்டது.

கலா, சேலம்: வங்காளிகள் கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுகிறார்களே, சத்து போகாதா?

கொஞ்சம் போகும்தான். ஆனால் எல்லோரும் கொட்டுவதில்லை. வடிக்காமல் உருளையோடு வேகவைத்து நெய் ஊற்றிச் சாப்பிடும் பேனா பாத் இங்கே பலருக்கு உயிர். காலைக் குளிரில் அதற்கு ஈடே இல்லை. வடிப்பதில் ஒரு நன்மையும் உண்டு. இந்தப் பகுதியில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கும் இடங்கள் பல, அரிசியிலும் ஏறுகிறது. நல்ல தண்ணீர் நிறைய வைத்து வேகவிட்டு வடித்தால் ஓரளவு குறையும்.

கஞ்சியை இளக்காரமாக இங்கே பேச மாட்டார்கள். 1943 பஞ்சத்தில் கிராமத்து ஜனங்கள் கொல்கத்தா வீதிகளில் வீடு வீடாக நின்று கேட்டது சோறு அல்ல, வடித்த கஞ்சி. 'பேன் தாவ்', அதாவது 'கஞ்சி கொடுங்கள்' என்று கேட்டார்கள். இந்த ஊரில் வயதானவர்கள் முன்னால் கஞ்சியைக் கொட்டினால் ஏன் முகம் சுருங்குகிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

விக்னேஷ், கடலூர்: ஜெயநகர் மோவா ஆன்லைனில் எந்தக் கடையில் வாங்கலாம்?

கடை விளம்பரம் நான் செய்வதில்லை. மார்கழி, தையில் மட்டும் வாங்குங்கள். கனக்சூர் நெற்பொரியும் நோலேன் குட்டும் சேர்ந்த உருண்டை அது. சித்திரையில் 'ஜெயநகர் மோவா' என்று விற்றால் நம்பாதீர்கள்.

அனிதா, நாகர்கோவில்: தைப்பொங்கலன்று அவர்களும் ஏதோ அரிசிப் பலகாரம் செய்வார்களாமே?

பௌஷ் சங்கராந்தி, பிட்டே. பாடிசாப்டா, புலி பிட்டே, வெறும் மாவில் சுடும் சிதோய் என்று ஏகப்பட்டது. முதல் இரண்டுக்கும் உள்ளே தேங்காய்ப் பூரணம். இதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும், மார்கழியில் போடுகிறேன். அதற்குள் பச்சரிசி மாவை நைசாக அரைத்துச் சலித்து வையுங்கள்.

முருகேசன், விருதுநகர்: அக்கா, தாமதமாக வந்தேன். பாயேஷுக்கு பாஸ்மதி போடலாமா? அப்புறம் வெல்லத்தை எப்போது போட வேண்டும்?

முதல் பதில், இரண்டாவது பதில். இரண்டையும் படியுங்கள் தம்பி. நான் போய் உலை வைக்கிறேன்.