ரொக்கோக்கோ சிற்றோவியத்தில் பெண் முகம்: வெண்மை எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: நீர்வண்ணத்தில் பல ஆண்டுகளாகப் பூக்கள் தீட்டி வருகிறேன். இப்போது 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ரொக்கோக்கோ பாணியில், பொடி தூவிய கூந்தலுடைய ஒரு பெண்ணின் முகத்தை, தந்தம் போன்ற 7 செ.மீ. நீள்வட்டச் செயற்கைத் தகட்டில் வரைய முயல்கிறேன். இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துவிடுகிறது. வெள்ளை கலந்தாலோ முகம் சுண்ணாம்பு அடித்தது போலாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சருமத்தின் வெண்மையை நீங்கள் வண்ணத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள், அக்கால ஓவியர்கள் அதைத் தகட்டிலிருந்தே எடுத்தார்கள்.

வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா, 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூக்குப்பொடிப் பெட்டி மூடிகளுக்காகத் தந்தத்தில் தீட்டத் தொடங்கும்வரை, ஐரோப்பியச் சிற்றோவியங்கள் பெரும்பாலும் பதப்படுத்திய கன்றுத்தோலில்தான் வரையப்பட்டன. தோலில் முகத்துக்கென்று ஒளி ஊடுருவாத வெளிர்நிறம் ஒன்றை முதலில் பூசியாக வேண்டும். தந்தத்துக்கு அது தேவைப்படவில்லை. மெல்லிய வண்ணத்தைக் கடந்து செல்லும் ஒளி தந்தத்தில் பட்டுத் திரும்புவதே கன்னத்துக்கு உயிரூட்டப் போதுமானதாக இருந்தது. 1705-இல் ரோம் நகரின் புனித லூக்கா கலைக்கழகம் கரியேராவை உறுப்பினராக ஏற்றபோது அவர் அளித்ததும், புறாவை ஏந்திய இளம்பெண்ணைக் காட்டும் தந்தச் சிற்றோவியமே. பின்னாளில் தகடுகளை இன்னும் மெல்லியதாக அறுத்தார்கள். முகத்துக்கு நேர் பின்புறம் வெள்ளித் தகடு வைத்து ஒளியைக் கூட்டியவர்களும் உண்டு.

ஆனால் தந்தம் நீரை எளிதில் உறிஞ்சாது. உங்கள் செயற்கைத் தகடும் அப்படித்தான். வேலம்பிசினில் குழைத்த வண்ணம் அதன்மேல் ஒட்டி நிற்கிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை, ஆகவே ஈரத் தூரிகை மறுபடி பட்ட இடத்தில் கரைந்துவிடுகிறது. முதலில் தகட்டை மிக நுண்ணிய நுரைக்கல் (pumice) தூளால் மெதுவாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையையும் வழவழப்பையும் போக்குங்கள். பிறகு முகத்தில் பூச்சு என்பதையே மறந்துவிடுங்கள். புள்ளிகளும் குறுங்கோடுகளும் மட்டுமே வேண்டும். முனை கூர்மையாகவும் வயிறு சற்றுப் பருத்தும் உள்ள 1-ஆம் எண் தூரிகையே நல்லது. மிகச் சிறிய தூரிகையில் வண்ணம் தகட்டைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். வண்ணத்தில் தோய்த்ததும் துணியில் ஒருமுறை ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் ஒரு புள்ளி வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த புள்ளி அதன்மேல் அல்ல, பக்கத்தில். நிழலில் தொடங்குவது எளிது: தாடையின் கீழ்ப்புறம், கண்குழி, நெற்றிப்பொட்டு ஆகிய இடங்களில் நீலம் கலந்த சாம்பல் நிறம், அது முற்றும் உலர்ந்த பின் கன்னத்திலும் உதட்டிலும் ரோஜா நிறம். நெற்றியின் நடுவையும் மூக்குத்தண்டையும் தொடவே வேண்டாம். நிறம் கூடிவிட்ட புள்ளியை ஊசிமுனையால் சுரண்டி எடுத்துவிடலாம்.

வெள்ளையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. பாரிஸில் தொழில் நடத்திய சுவீடன் நாட்டவரான பீட்டர் அடால்ஃப் ஹால் முகத்தை ஒளி ஊடுருவும்படி விட்டு, உடைக்கு ஒளி ஊடுருவாத கெட்டி வண்ணத்தைத் துணிச்சலாகப் பயன்படுத்தினார். நீங்களும் சரிகை, முத்து, ரிப்பன், கூந்தலில் பொடி திரண்ட விளிம்பு ஆகியவற்றுக்கு வெள்ளையைத் தாராளமாக வைக்கலாம். அந்தக் கெட்டித்தன்மைக்கு அருகில் முகம் இன்னும் மென்மையாகத் தெரியும்.

அக்காலத்துக் கார்மைன் சிவப்பு ஒளியில் வெளுக்கக்கூடியது. அருங்காட்சியகப் படங்களில் சில பெண்கள் இரத்தமற்றவர்களாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வெளிறலைப் பார்த்து நகலெடுப்பவர்கள் நிறையப் பேர். எளிதில் வெளுக்காத இக்கால நிறமியான குவினாக்ரிடோன் ரோஸ் வாங்கி, கன்னத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். அந்தக் காலச் சீமாட்டிகள் கன்னச்சாயத்தை மறைத்துப் பூசியவர்கள் அல்லர்.

அசல் தந்தம் தேடிப் போக வேண்டாம்; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்தியாவில் அதன் வணிகத்தைத் தடை செய்துள்ளன. ஓவியத்துக்குச் சட்டகம் (பிரேம்) போடும்போது கண்ணாடி அதைத் தொடாதபடி விளிம்பில் சிறு அட்டைப்பட்டி கொடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் ஈரம் ஒன்றே அந்தப் புள்ளிகளைக் கரைக்கப் போதும்.